எண்பது மில்லிகிராம் எதற்கு?

2023 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் சாரம் பதினான்கு மாத்திரைகள். நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருகிறவருக்கு மாரடைப்பு என்ற சந்தேகம் எழுந்தால், பெரிய மருத்துவமனைக்கு ஏற்றிவிடும் முன் அங்கேயே அவற்றை விழுங்க வைத்துவிட வேண்டும். ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எட்டு. மருத்துவமனை வட்டாரத்தில் 'லோடிங் டோஸ்' என்று சொல்வது இதைத்தான்.

முதல் ஆறு மாத்திரைகளுக்கு விளக்கம் சுலபம். இதயத் தமனியின் உட்சுவரில் இருக்கும் கொழுப்புத் திட்டு வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ரத்தத் தட்டணுக்கள் குவிந்து குழாயை அடைக்கின்றன. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் கெடுக்கின்றன. 1988இல் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 நோயாளிகள் இருந்தார்கள். ஆஸ்பிரின் மட்டுமே ஐந்து வார கால இறப்பை 23 சதவீதம் குறைத்தது. அதற்குப் பிறகு அந்த மாத்திரையைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை.

மீதி எட்டுதான் புதிர். ஸ்டாட்டின் கொலஸ்ட்ரால் மாத்திரை. அது ரத்தக் கொழுப்பைக் கீழே கொண்டுவர வாரக்கணக்கில் ஆகும். மாரடைப்போ மணிக்கணக்கில் முடிந்துபோகும் விவகாரம். கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று பரிசோதிக்கக்கூட நேரமில்லாத ஒருவருக்கு, வழக்கமாகத் தினம் ஒன்று என்று எழுதித் தரும் வில்லையை ஒரே வாயில் எட்டு கொடுப்பது ஏன்? இந்தக் கேள்விக்குப் பின்னால் எலிகள், நாய்கள், ரோம், சாவோ பாவ்லோ, லண்டன் என்று நீண்ட கதை இருக்கிறது. அதன் கடைசிப் பகுதி கம்பம் பள்ளத்தாக்குக்கு நேரடியாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

பள்ளத்தாக்கின் தூரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பத்திலிருந்து தேனிக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தேனியைத் தாண்டி ஆண்டிபட்டி சாலையில், க.விலக்கில் இருக்கிறது. தேனியிலிருந்து மதுரை இராஜாஜி மருத்துவமனைக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர் அளவில் வரும். நடுவில் ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி. இது சமவெளியில் இருப்பவர் கணக்கு. விடியுமுன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவோ இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இங்கே ஏராளம். அங்கே ஒருவருக்கு மார்பு அடைத்தால் முதலில் 'வாய்வுப் பிடிப்பு' என்பார்கள். சோடாவோ இஞ்சிச் சாறோ உள்ளே போகும். பிறகு ஜீப் கிடைக்க வேண்டும், வளைவுகளில் இறங்க வேண்டும். சுகாதார நிலையத்தின் வாசலை மிதிக்கும்போதே இரண்டு மூன்று மணி நேரம் கரைந்திருக்கும்.

அந்த நேரத்தில் இதயத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை 1977இல் கீத் ரைமரும் ராபர்ட் ஜென்னிங்ஸும் நாய்களில் அளந்து காட்டினார்கள். அடைபட்ட தமனியை நம்பியிருந்த தசையில், நாற்பது நிமிடத்தில் திறந்துவிட்டால் 38 சதவீதம் மட்டுமே செத்திருந்தது. மூன்று மணி நேரத்தில் 57 சதவீதம். ஆறு மணி நேரத்தில் 71. சாவு இதயச் சுவரின் உட்புறத்தில் தொடங்கி வெளிப்புறம் நோக்கி அலைபோல நகர்கிறது. மனித இதயத்தில் எண்கள் மாறும், திசை மாறாது. ஆகவே மாரடைப்பு மருத்துவத்தின் முதல் விதி, கூடிய சீக்கிரம் குழாயைத் திற என்பதுதான். டெனெக்டிப்ளேஸ், ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற ஊசியால் கட்டியைக் கரைக்கலாம்; கேத் லேப் என்னும் ஆஞ்சியோ அறையில் பலூன் செலுத்தி ஸ்டென்ட் வைக்கலாம்.

சிக்கல் திறந்த பிறகு தொடங்குகிறது. ஜென்னிங்ஸ் 1960இலேயே ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார். ரத்தம் திரும்பப் பாய்ந்த தசையில், செல்கள் வேகவேகமாக உருக்குலைந்தன. ரத்தம் இல்லாததால் பட்ட காயத்தோடு, ரத்தம் திரும்பி வந்ததால் பட்ட காயமும் சேர்ந்திருக்குமோ? 1985இல் யூஜின் பிரவுன்வால்டும் ராபர்ட் கிளோனரும், மறுபாய்வு இருபக்கமும் வெட்டும் வாளா என்று ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே கேட்டார்கள். மருத்துவர்கள் இதை ரீபெர்ஃப்யூஷன் இஞ்சுரி என்பார்கள். நாம் மறுபாய்வுக் காயம் என்று வைத்துக்கொள்வோம்.

காயத்தின் வேதியியலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எட்டு மாத்திரையின் நம்பிக்கை முழுவதும் இங்கேதான் தங்கியிருக்கிறது. ஆக்சிஜன் கிடைக்காத இதயச் செல் லாக்டிக் அமிலத்தில் ஊறிப் புளித்துப்போகிறது. வினோதம் என்னவென்றால், அந்த அமிலத்தன்மை ஒருவகையில் செல்லுக்குக் காவல். மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் ஒரு துளை உண்டு. அது திறந்தால் செல்லின் கதை முடிந்தது. அமிலச் சூழலில் அது மூடியே கிடக்கும். தமனி திறந்து புது ரத்தம் வந்ததும் வெளியே இருந்த அமிலம் கழுவப்படுகிறது. உள்ளே மிஞ்சிய அமிலத்தைச் செல் அவசரமாக வெளியே தள்ளி, பதிலுக்குச் சோடியத்தை உள்ளே வாங்குகிறது. அந்தச் சோடியத்தை வெளியேற்றக் கால்சியத்தை உள்ளே விடுகிறது. கால்சியம் நிரம்பிய தசைநார் சுருங்கி இறுகி விரிய முடியாமல் நிற்கிறது. அதே நேரத்தில் பட்டினி கிடந்த மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் திடீரென்று பாய, வேதிவெறி பிடித்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் பொங்குகின்றன. அமிலம் போய்விட்டது, கால்சியம் வந்துவிட்டது, ஆக்சிஜன் நஞ்சும் சேர்ந்துவிட்டது. துளை திறக்கிறது. இவ்வளவும் முதல் சில நிமிடங்களுக்குள். போதாக்குறைக்கு, பெரிய தமனி திறந்தும் அதன் நுண்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொண்டு தசைக்கு ரத்தத்தை விடாமல் நிற்பதும் உண்டு. ஆஞ்சியோ படத்தில் குழாய் பளிச்சென்று தெரியும்; தசைக்கு மட்டும் ரத்தம் போயிருக்காது.

கம்பம் பள்ளத்தாக்கில் இதை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீர்தான் இங்குள்ள 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு உயிர். வாய்க்கால் காய்ந்து கிடந்த பிறகு மதகை முழுவதும் ஒரே மூச்சில் உயர்த்தினால் வெடித்த கரை தாங்காது என்பது எந்தக் கரைக்காரருக்கும் தெரியும். தண்ணீர் வராமலும் பயிர் சாகும், வருகிற விதத்தாலும் வயல் கெடும். 2003இல் அமெரிக்காவில் ஜேகப் வின்டன்-யோஹான்சனின் ஆய்வுக்கூடம் செய்ததும் மதகு வேலைதான். நாயின் தமனியைத் திறந்த உடனே அரை நிமிடம் பாய்ச்சல், அரை நிமிடம் அடைப்பு என்று மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்தார்கள். செத்த தசையின் அளவு வெகுவாகக் குறைந்தது. பிரான்ஸின் லியோன் நகரில் 2005இல் முப்பது நோயாளிகளிடம் பலூனை ஊதியும் தளர்த்தியும் இதையே செய்து பார்த்தபோதும் பலன் தெரிந்தது. ஆனால் டென்மார்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்து 2017இல் முடிவு வெளியிட்டபோது, இறப்பிலும் இதயச் செயலிழப்பிலும் நிச்சயமான வித்தியாசம் இல்லை.

இந்தத் துறையில் இது தொடர்கதை. மைட்டோகாண்ட்ரியாவின் துளையை அடைக்கும் சைக்ளோஸ்போரின் 2008இல் 58 பேரில் நன்றாக வேலை செய்தது. 2015இல் 970 பேரிடம் சோதித்தபோது ஒன்றும் செய்யவில்லை. கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி இறுக்கித் தளர்த்தி இதயத்தைத் தயார்ப்படுத்தும் முறை, ஆய்வுக்கூடங்களில் பல ஆண்டுகள் நட்சத்திரமாக இருந்தது. 2019இல் 5,401 பேரைக் கொண்ட ஐரோப்பிய ஆய்வில் அதுவும் வெறுங்கையோடு திரும்பியது. ஆகவே மறுபாய்வுக் காயத்தை ஆற்றும் மருந்து என்று யாராவது சொன்னால் முதலில் எத்தனை பேரிடம் என்று கேட்பது நல்ல பழக்கம்.

இனி ஸ்டாட்டின். ஜப்பானில் சாங்க்யோ நிறுவனத்தில் வேலை பார்த்த அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, 1973இல் பென்சிலியம் சிட்ரினம் என்ற நீலப்பச்சைப் பூஞ்சையில் முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். அந்தப் பூஞ்சை கியோட்டோவின் ஒரு தானியக் கடை அரிசியிலிருந்து வந்தது. கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாராகும் நீண்ட சங்கிலியில் ஆரம்பக் கண்ணி ஒன்றை அது தடுக்கிறது. அதே சங்கிலியிலிருந்து கொலஸ்ட்ரால் தவிர வேறு சில பொருள்களும் கிளைத்துப் போகின்றன; அவற்றில் சில, ரத்தக்குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியை அடக்கிவைக்கும் புரதங்களுக்குத் தேவையானவை. சங்கிலியை மேலேயே வெட்டினால் கொலஸ்ட்ரால் குறைவதோடு இந்த அடக்குமுறையும் தளர்கிறது, நைட்ரிக் ஆக்சைடு கூடுகிறது. 1990களின் இறுதியில் ஜேம்ஸ் லியாவின் குழு இதைக் காட்டியது. கொலஸ்ட்ராலுக்குச் சம்பந்தமில்லாத, அதனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாத ஒரு வழி கிடைத்தது.

லண்டனில் ராபர்ட் பெல், டெரெக் யெல்லன் இருவரும் 2003இல் அந்த வழியை மறுபாய்வுக் காயத்தோடு இணைத்தார்கள். எலியின் இதயத்தை வெளியே எடுத்து ஓடவிட்டு, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, திரும்பத் திறக்கும் அதே நொடியில் அட்டோர்வாஸ்டாட்டினை விட்டார்கள். செத்த தசை குறைந்தது. செல்லுக்குள் உயிர்காக்கும் சமிக்ஞைப் பாதை ஒன்று தூண்டப்படுவதும், அதன் கடைசியில் அதே நைட்ரிக் ஆக்சைடு நிற்பதும் தெரிந்தது. மாரடைப்பு தொடங்கிய பிறகு கொடுத்தாலும் ஸ்டாட்டின் காப்பாற்றும் என்ற கனவு இங்கே பிறந்தது.

கனவில் அளவைப் பற்றிய சிறு எழுத்துகளைத்தான் படிக்க மறந்துவிடுகிறோம். அந்த எலி இதயத்துக்குள் போன ஸ்டாட்டின் செறிவு மைக்ரோமோலார் கணக்கு. எண்பது மில்லிகிராம் விழுங்கிய மனிதரின் ரத்தத்தில் அது நானோமோலார் கணக்கில்தான் ஏறும். பல நூறு மடங்கு குறைவு. உயிருள்ள எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்த ஆய்வுகள் கொஞ்சம் நியாயமானவை: கிலோவுக்குப் பத்து மில்லிகிராம். உடற்பரப்பை வைத்து மாற்றும் வழக்கமான கணக்குப்படி, அறுபது கிலோ மனிதருக்கு அது நூறு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. எண்பதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது! ஆனால் எலிக்கு அதைக் கொடுத்தது மூன்று நாள், தொடர்ந்து. மாரடைப்பு வருவதற்கு மூன்று நாள் முன்னால் சுகாதார நிலையத்துக்கு வருகிறவர் யார்?

2005இல் யெல்லனின் குழுவே இன்னொரு முடிச்சைக் காட்டியது. ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து ஸ்டாட்டின் கொடுத்த எலிகளில் பாதுகாப்பு மங்கிப்போனது. உயிர்காக்கும் பாதையை அணைக்கும் ஒரு புரதம் அதற்குள் கூடியிருந்தது. அந்த எலிகளுக்கே மாரடைப்புக்குச் சற்று முன் ஒரு பெரிய டோஸ் கொடுத்தால் பாதுகாப்பு திரும்பியது. ஏற்கெனவே தினமும் கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறவருக்கும் லோடிங் டோஸ் ஏன் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விலங்கு ஆதாரம் நான் படிக்கவில்லை. ஆஸ்பிரினைப் பற்றியும் எலியில் ஒரு வேடிக்கை உண்டு: மிக அதிக அளவு ஆஸ்பிரின் கொடுத்தால் ஸ்டாட்டினின் இந்தக் காவல் மழுங்குகிறது, குறைந்த அளவில் மழுங்குவதில்லை. இதை வைத்து யாரும் ஆஸ்பிரினைக் குறைக்க வேண்டாம். ஆஸ்பிரினின் பலன் மனிதரில் நிரூபணமானது, இது எலியில் நின்றது.

மனிதருக்கு வருவோம். ரோமில் நடந்த ஆர்மிடா ஆய்வுகள்தான் நம்பிக்கையை ஊதிவிட்டன. 2007இல் வெளியான ஒன்றில், மாரடைப்பின் விளிம்பில் இருந்த 171 பேர். ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன் 80 மில்லிகிராம், இரண்டு மணி நேரம் முன் 40. முப்பது நாளில் இதயச் சிக்கல் 5 சதவீதம். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 17. ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுத்துவந்தவர்களிடம் 2009இல் செய்தபோதும் அதே சாயல்: 3.7க்கு எதிராக 9.4. இவர்கள் பெரும்பாலும் குழாய் முழுவதும் அடைக்காதவர்கள், பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க முடிந்தவர்கள். ஏலத்தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கியவர் அப்படியல்ல.

முழு அடைப்பு உள்ளவர்களிடம் கொரியாவில் ஒரு ஆய்வு நடந்தது. அதிலும் தற்செயலாக 171 பேர்தான். பலூனுக்கு முன் பாதிப் பேருக்கு 80, பாதிப் பேருக்கு 10. சாவு, மறு மாரடைப்பு போன்றவற்றில் உறுதியான வித்தியாசம் இல்லை. தசைக்குள் ரத்தம் பாயும் விதம், இசிஜி தேறும் விதம் ஆகியவை எண்பதில் மேலாக இருந்தன. பெரிய ஆய்வு பிரேசிலில் நடந்தது. செக்யூர்-பிசிஐ என்று பெயர், 2018இல் வெளியானது, 4,191 பேர். 80 மில்லிகிராம் முன்னால் ஒன்று, இருபத்துநாலு மணி நேரம் கழித்து ஒன்று. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் 6.2க்கு 7.1: தற்செயலிலும் வரக்கூடிய வித்தியாசம். உண்மையில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்ட மூன்றில் இரண்டு பங்கினரை மட்டும் பார்த்தால் 6.0க்கு 8.2, முழு அடைப்புக்காரர்களில் இன்னும் தெளிவு. ஆனால் மொத்தத்தில் தோற்ற ஆய்வின் உட்பிரிவு எண்ணை முழு மனதோடு நம்பக் கூடாது என்பது புள்ளியியலின் பழைய பாடம்.

என் தீர்ப்பு இது. எட்டு மாத்திரை மறுபாய்வுக் காயத்தைத் தடுக்கிறது என்று மனிதரில் நிரூபிக்கப்படவில்லை. தடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கொடுப்பது சரிதான், வேறு உறுதியான காரணங்களுக்காக. மாரடைப்புக்குப் பிறகு சில நாள்களுக்குள் 80 மில்லிகிராமில் தொடங்குவது மிதமான ஸ்டாட்டினைவிட மேல் என்று 2004இன் புரூவ்-இட் ஆய்வு காட்டியது. ஏற்கெனவே எடுத்துவந்த ஸ்டாட்டினை மாரடைப்பு நேரத்தில் நிறுத்துகிறவர்களுக்கு ஆபத்து கூடுகிறது என்று 2002இலேயே தெரிந்தது. ஒரு வேளை டோஸால் பெரிய தீங்கும் இல்லை. ஆனால் பதினான்கையும் பொட்டலம் கட்டி வீட்டில் வைத்துக்கொண்டு வலி வந்ததும் விழுங்குவது தவறு. அந்த வலி பெருந்தமனி கிழிந்ததாலோ இரைப்பைப் புண்ணாலோ வந்திருந்தால், ரத்தம் உறையாமல் செய்யும் ஆறு மாத்திரைகளே ஆளை முடித்துவிடலாம்.

தசையைக் காப்பதில் மாத்திரையைவிடப் பாதை பெரியது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி ஆகியோர் நடத்திய திட்டத்தில், சிறிய மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள நான்கு மையங்களோடு ஆம்புலன்ஸாலும் இசிஜி அனுப்பும் கருவியாலும் இணைத்தார்கள். அருகிலிருப்பவருக்கு நேரே பலூன். தூரத்தில் இருப்பவருக்கு அங்கேயே கட்டி கரைக்கும் ஊசி, பிறகு மையத்துக்குப் பயணம். 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகள். ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2க்கு இறங்கியது. புது மருந்து ஒன்றுகூட இல்லை.

இங்கேதான் பள்ளத்தாக்கின் தூரம் ஒரு விசித்திரமான வாய்ப்பாகிறது. விழுங்கிய அட்டோர்வாஸ்டாட்டின் ரத்தத்தில் உச்சத்தைத் தொட ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். விழுங்கியதில் ரத்தத்துக்கு வந்து சேர்வதும் ஏழில் ஒரு பங்குதான். சென்னையில் நேரே கேத் லேப் வாசலில் வந்து இறங்குகிறவருக்குத் தொண்ணூறு நிமிடத்துக்குள் குழாயைத் திறக்க வேண்டும் என்பது இலக்கு. மாத்திரை குடலைத் தாண்டுவதற்குள் ரத்தம் பாய்ந்து, அந்த ஆபத்தான முதல் நிமிடங்கள் முடிந்திருக்கும். மேலே சொன்ன ஆய்வுகளில் சில தோற்றதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன். கூடலூரிலோ கம்பத்திலோ எட்டையும் விழுங்கிவிட்டு, 108 வண்டியில் படுத்து, க.விலக்கில் ஊசி போட்டு, கட்டி கரைந்து குழாய் திறக்கும்போது மருந்து ரத்தத்தில் ஏறியிருக்கும். வழியில் வாந்தி எடுக்காமல் இருந்தால். மார்ஃபின் போட்டு இரைப்பை மந்தமாகாமல் இருந்தால்.

மாத்திரை விழுங்கிய நேரம், ஊசி போட்ட நேரம், இசிஜி தேறிய நேரம், ஒரு மாதம் கழித்து எக்கோவில் தெரியும் இதயத்தின் வலு: இந்த நான்கையும் ஒரே தாளில் கோத்தால், இடைவெளி கூடக்கூடத் தசை அதிகம் மிஞ்சுகிறதா என்று பார்க்க முடியும். சுலபமான கணக்கல்ல. இடைவெளி நீண்டவருக்கு அடைப்பும் நீண்டதாக இருக்கும். ரைமரின் அலை ஒரு பக்கம் தின்ன, ஸ்டாட்டின் மறுபக்கம் காத்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். வலி தொடங்கிய நேரத்தைத் தனியாகக் கேட்டு எழுதி, அதே அளவு தாமதமானவர்களுக்குள் மட்டும் ஒப்பிட வேண்டும். நோயாளியோ மகனோ 'காலையிலிருந்தே வலி' என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலை எத்தனை மணி என்று கேட்டு வாங்குகிற செவிலியரின் கையில்தான் இந்த ஆய்வின் பாதி இருக்கும்.